எல்கடுவ: லயத்துச் சுவரும் மண்மூட்டை வீடும்

மண்மூட்டை என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது காவலரண்தான். வீதியோரச் சோதனைச் சாவடி, பதுங்குகுழியின் வாய், அலுவலக வாசல்களை மறைத்து அடுக்கப்பட்ட சாக்குகள் என்று யுத்த காலம் நம் கண்களில் பதித்துச் சென்ற காட்சிகள் பல. செய்தியாளனாக அந்தச் சாவடிகளைக் கடந்து போய் வந்தவன் நான். அதே மண்மூட்டைகளை அடுக்கி, மனிதர் குடியிருக்க உறுதியான வீடுகளைக் கட்டுகின்றார்கள் என்று முதன்முதலில் படித்தபோது வியப்பே ஏற்பட்டது. துப்பாக்கிக் குண்டையும் ஆற்று வெள்ளத்தையும் தடுக்கும் சுவர், மழையையும் குளிரையும் தடுப்பதில் என்ன அதிசயம் என்று பின்னர் தோன்றியது.

இந்த முறையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனம் மலையகத்தை நோக்கியே செல்கிறது. குறிப்பாக, மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்திருக்கும் எல்கடுவவை நோக்கி. ஹுனஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் அறிந்த ஊர் அது. அந்த மலைகளில் கொழுந்து பறிப்போர் வாழும் லயங்கள் சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறுவதில்லை. மண்ணை வெட்டி, காடழித்து, கான் போட்டு, கல் அடுக்கி மலைகளையே தோட்டங்களாக்கிய ஒரு சமூகம், இருநூறு ஆண்டுகளாகியும் தனக்கென ஒரு சுவரை எழுப்பிக்கொள்ள ஏன் இயலவில்லை? இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியது. மண்மூட்டை வீடு அதற்கு ஒரு பாதி விடையைத் தருகிறது. மறுபாதி வேறிடத்தில் இருக்கிறது.

நடந்து வந்தவர்களின் முதல் வீடு

மாத்தளைக்கு மலையக வரலாற்றில் தனி இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தனர். தம்புள்ளையைத் தாண்டி அவர்கள் வந்து சேர்ந்த முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் ஏராளம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை வந்தது 1880இல்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில், நடந்து வந்த அந்த மக்களின் நினைவோடு பிணைந்தது.

மாத்தளையிலிருந்து மலைகளில் ஏறியவர்கள் வந்து தங்கிய குடியிருப்புகள் பெரும்பாலும் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்களும் புல் வேய்ந்த கூரையும் கொண்டவை. காட்டில் வெட்டிய தடி, காலடியில் கிடந்த மண், மலையில் வளர்ந்த புல் ஆகியவையே கட்டடப் பொருட்கள். கட்டியவர்களும் அவர்களே. தமிழகக் கிராமங்களில் மண் சுவர் வைக்கத் தெரிந்த கைகள் அவை. மலையக மக்களின் முதல் வீடு ஒரு மண் வீடுதான் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கோப்பி நிலைக்கவில்லை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் வணிக நோக்கில் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பி பருவகாலப் பயிர். ஆட்கள் வந்து பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். தொழிலாளர் குடும்பத்தோடு தங்கியாக வேண்டிய நிலை உருவானது. கல்லும் சாந்தும் தகரக் கூரையும் கொண்ட நிரந்தர லயங்கள் இவ்வாறே பெருகின.

காம்பராவும் இஸ்தோப்பும்

லயம் என்பதை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல். நீண்ட ஒரே கட்டடம். அதனைக் குறுக்குச் சுவர்கள் பல அறைகளாகப் பிரிக்கும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அறை ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய திண்ணை. சில இடங்களில் இரண்டு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அத்தகைய லயங்களில் பின்பக்கச் சன்னலுக்கே இடமில்லை. தண்ணீருக்குப் பீலிக்கரை.

அறையைத் தொழிலாளர்கள் 'காம்பரா' என்பர். அது போர்த்துக்கேயரின் சொல். திண்ணை 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தரின் சொல். 'லயன்' ஆங்கிலேயரின் சொல். மூன்று ஆட்சிகளின் சொற்களும் அந்த ஒற்றை அறைக்குள் குடியிருக்க, அதில் வாழ்பவரின் பெயர் மட்டும் எந்த உறுதிப் பத்திரத்திலும் இல்லை.

குடியேற்ற அரசு தொழிலாளரின் உடல்நலம் குறித்துச் சட்டங்கள் இயற்றத்தான் செய்தது. 1872இல் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும் 1912இல் நோய்கள் பற்றிய சட்டமும் வந்தன. லயங்களின் சுகாதாரம் கண்காணிப்புக்கு உட்பட்டது. ஆனால் அந்தச் சட்டங்களின் பார்வையில் லயம் வேலையாளை வைத்திருக்கும் கூடம். வேலை இருக்கும்வரை அறை உண்டு. வேலை போனால் அறையும் போகும். எனவே சுவரில் ஓர் ஆணி அறைவதற்கும், இஸ்தோப்பை அடைத்து ஒரு குசினி எடுப்பதற்கும் துரையின் அனுமதி தேவைப்பட்டது. வீடு கட்டும் அறிவு தலைமுறை தலைமுறையாக மங்கிப்போனதற்கு இதுவே முதற் காரணம் என்பேன்.

சுதந்திரத்தின் பின் நிலைமை இன்னும் மோசமானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் பேசப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத ஒரு குடும்பம் இன்று எதற்காகச் சுவர் எழுப்பும்? கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அங்கும் அவர்களுக்குக் கிடைத்தவை வரிசை வீடுகளே.

தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. எல்கடுவவின் பெயரைத் தாங்கிய பெருந்தோட்ட நிறுவனமும் அவ்வாறு உருவானதே. பின்னர் அரச நிர்வாகத்தின் கீழ் இயங்கிய சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று. கைகள் மாறின. காம்பரா மாறவில்லை.

சாக்கில் அடைத்த மண்

இனி மண்மூட்டைக்கு வருவோம். வெள்ளத் தடுப்புக்கும் போருக்கும் பயன்பட்டு வந்த மண்மூட்டையைக் குடியிருப்புக் கட்டடப் பொருளாக முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்னோட் மிங்கே. 1970களில் அவரது குழுவினர் பரிசோதனைகளைத் தொடங்கினர். 1976இல் குவாத்தமாலாவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. 1978இல் அங்கு, சுண்ணாம்புப் பாலில் தோய்த்த பருத்திக் குழாய்களில் எரிமலைச் சல்லியை அடைத்து ஒரு மாதிரி வீட்டை அவர்கள் கட்டிக் காட்டினர்.

இம்முறையை உலகறியச் செய்தவர் நாதர் கலிலி. 1936இல் ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர். உயர்ந்த கட்டடங்களை வடிவமைத்து வந்த அவர், 1975இல் அந்தத் தொழிலைக் கைவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஈரானியப் பாலைவனக் கிராமங்களைச் சுற்றினார். ஏழைகள் கட்டிய மண் கூடாரங்களிடம் பாடம் படித்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். நிலவில் குடியிருப்புகள் அமைப்பது பற்றி நாசா 1984இல் நடத்திய கருத்தரங்கில், நிலவின் மண்ணையே கட்டடப் பொருளாக்கலாம் என்று யோசனை கூறியவர் அவர். கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் 1991இல் தம் நிறுவனத்தை அமைத்து, நீண்ட சாக்குக் குழாய்களில் மண்ணை அடைத்து, முள்கம்பியை இடையிட்டு, குவிமாட வீடுகளை எழுப்பினார். 1995இல் ஈரானின் கூசிஸ்தான் மாகாணத்தில், ஈராக்கிலிருந்து வந்த அகதிகளுக்கான பனிநஜார் முகாமில் இத்தகைய குடில்கள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் அந்த அகதிகளும் இருந்தனர். அதற்கு 2004ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கலிலி 2008இல் காலமானார்.

போருக்கென இருந்த இரண்டு பொருட்களான சாக்கும் முள்கம்பியும் அகதிக்கு வீடாகின என்பதில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். முள்கம்பிகளுக்குப் பின்னால் வாழ்ந்த அனுபவம் நம்மவர்க்கும் உண்டல்லவா?

நம் அயலில் நேபாளம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25இல் 7.8 அளவிலான பூகம்பம் அந்நாட்டைக் குலுக்கியபோது கல்லும் சேறும் கொண்டு கட்டிய கிராமத்து வீடுகள் பல இலட்சம் சரிந்தன. முறையாகக் கட்டப்பட்டிருந்த மண்மூட்டைக் கட்டடங்கள் பல பெருஞ்சேதமின்றி நின்றன. அதன் பின்னர் பாடசாலைகளும் வீடுகளும் அம்முறையில் அங்கு எழுந்தன.

தோட்டத்துக்குத் தெரிந்த வேலை

முறை எளிது. முதலில் இறுகிய நிலம் வரை தோண்டி, சல்லி நிரப்பிய அத்திவாரம். அதன் மேல் முதலிரு வரிசைகளில் சல்லி அடைத்த மூட்டைகள். நிலத்து ஈரம் மேலே ஏறாமல் இருக்க இது அவசியம். பின்னர் மண். களி மூன்று பங்கு, மணல் ஏழு பங்கு என்பது பொதுவான அளவு. மண்ணைச் சிறிது ஈரமாக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், சேறாக ஒட்டக்கூடாது. சாக்கில் அடைத்து, செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மேல் மூட்டு வராமல் அடுக்கி, திமிசுக் கட்டையால் இடிக்கவேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் மேல் இரண்டு இழை முள்கம்பி. இரண்டு வரிசை மூட்டைகள் வழுக்காமல் கவ்விப் பிடிப்பது அந்த முட்களே. சுவரின் உச்சியில் சுற்றிவர ஒரு கொங்கிறீட் வளையம். நேர்ச் சுவரானால் மூன்று மீற்றருக்கொரு முட்டுச் சுவர். கடைசியில் பூச்சு.

நம் மண் பொருந்துமா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், அடியில் மணலும் நடுவில் வண்டலும் மேலே களியும் தனித்தனியாகப் படியும். மலைச் செம்மண்ணில் களி கூடுதலாக இருந்தால் மணல் சேர்க்கவேண்டும். மேல்மண்ணை மட்டும் தொடக்கூடாது. அது மக்கு நிறைந்தது, பயிருக்குரியது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். 550 சதுர அடி வீடு ஒன்றின் வெளிச்சுவர் சுற்றளவு ஏறத்தாழ 30 மீற்றர். உயரம் 2.4 மீற்றர். கதவு, சன்னல்களைக் கழித்தால் 60 சதுர மீற்றர் சுவர். இடித்த பின் ஒரு மூட்டை அரை மீற்றர் நீளமும் 12 சென்ரிமீற்றர் உயரமும் தரும் என்று கொண்டால், வெளிச்சுவருக்கு ஏறத்தாழ 1,000 மூட்டைகள் போதும். உட்சுவர்களுக்கு இன்னும் சில நூறு.

ஆயிரம் சாக்குகளுக்கு எங்கே போவது? தேயிலைக்கு உரம் வருவதே நெய்த பொலித்தீன் சாக்குகளில். வெறுமையான உரச் சாக்கு லயத்தில் விறகு கட்டவும், தரையில் விரிக்கவும், சன்னலை மறைக்கவும், கொழுந்து பறிப்போரின் இடுப்பில் படங்காகவும் பயன்படுவதை மலையகம் அறிந்தவர்கள் அறிவர். வெயிலில் நைந்துபோகாத நல்ல சாக்குகளைச் சேர்த்தால் அவையே சுவராகும்.

தொழில்நுட்பத்தின் மறுபாதி மனித உழைப்பு. கான் வெட்டுவதும் கல்லுக்கட்டுப் போடுவதும் சரிவில் மண்ணை நிறுத்துவதும் தோட்டத்தில் பரம்பரை வேலைகள். கொழும்பில் எழும் மாடிகளுக்கு மேசன் வேலைக்கும் கையாள் வேலைக்கும் போகும் இளைஞர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் கணிசமானோர். ஊரார் வீட்டைக் கட்டும் கைகளுக்குத் தம் வீட்டைக் கட்ட ஆறு மாதப் பயிற்சி தேவைப்படாது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டையின் விலை 3,000 ரூபா அளவுக்கு ஏறியது. அரைகுறையாகக் கட்டிய வீடுகள் நாடெங்கும் நின்றன. சீமெந்தை அத்திவாரத்துக்கும் உச்சி வளையத்துக்கும் பூச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு முறையின் அருமை அப்போது விளங்கியிருக்கவேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழுத்திய மண்கட்டி பற்றியும், ரங்கிக ஹல்வதுரவும் சகாக்களும் மண் கொங்கிறீட் பற்றியும் நடத்திய ஆய்வுகள் நம்மிடம் உள்ளன. மண்கட்டிக்கு இலங்கைத் தரநிர்ணயம் ஒன்றும் உண்டு. மண்மூட்டைக்கும் அத்தகைய பரிசோதனை மலையகத்தின் மழையிலும் சரிவிலும் நடத்தப்படவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும்

புகழ்ந்துவிட்டுப் போவது பத்திரிகையாளனுக்கு அழகல்ல. சாக்கு வெயிலைத் தாங்காது. பூச்சின்றி விட்டால் சில மாதங்களில் நைந்து உதிரும். குவிமாடம் பாலைவனத்துக்கு அழகு. எல்கடுவ மழைக்கு அகன்ற தாழ்வாரம் கொண்ட தகரக் கூரையே வேண்டும். சுவரின் தடிப்பு 38 சென்ரிமீற்றர். கட்டைக் கல் சுவரோடு ஒப்பிட்டால் வீட்டின் உட்பரப்பில் எழுபது சதுர அடி போய்விடும். சுவர் என்பது வீட்டுச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. கூரையும் கதவும் மலசலகூடமும் மண்ணில் முளைக்கா.

எல்லாவற்றிலும் பெரிய குறை மலைக்குரியது. மேற்சொன்ன வீட்டின் வெளிச்சுவர் மட்டும் நாற்பது தொன் எடை. இடம் தவறானால் எந்தச் சுவரும் காப்பாற்றாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என மலை மாவட்டங்கள் எங்கும் மண் சரிந்தது. தேயிலைக்கு உதவாத இடத்தில் லயத்தைப் போடுவதே பெரும்பாலும் துரைமாரின் வழக்கம். எனவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சான்று தந்த இடத்தில்தான் எந்த வீடும் எழவேண்டும்.

யாருடைய மண்?

பாதுகாப்பான இடம் என்றால் தேயிலை நிற்கும் நல்ல நிலம். இங்கேதான் கேள்வி தொழில்நுட்பத்தை விட்டு வெளியேறுகிறது.

இந்திய அரசு 2012இல் தொடங்கிய 50,000 வீட்டுத் திட்டத்தில் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டவை 4,000. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். புண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018இல் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. தனி வீடும் அதற்கு 7 பேர்ச் காணியும் என்பது அக்காலத்தில் கிடைத்த பெரிய வெற்றி. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. நாட்டின் ஏற்றுமதியை ஒன்றரை நூற்றாண்டு தாங்கியவர்களுக்கு அது பெரிய கொடையல்ல. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கூடை கல் போடவும் சபைக்கு வழியில்லை.

தோட்டக் காணி கம்பனிகளிடம் குத்தகைக்கே இருக்கிறது. உரிமை அரசிடம். ஆகவே 'காணி எங்களுடையதல்ல' என்று சொல்ல அரசுக்கு இயலாது. எல்கடுவ போன்று அரசே நிர்வகித்த தோட்டங்களிலாவது அது முன்மாதிரி காட்டியிருக்கலாம்.

மண்மூட்டை முறை நமக்குத் தெளிவாகக் காட்டுவது இதைத்தான். சீமெந்து விலை, மேசன் தட்டுப்பாடு, உதவித் திட்டத்தின் தாமதம் என்று வீடில்லாமைக்கு நாம் அடுக்கிய காரணங்களை அது ஒவ்வொன்றாக அகற்றிவிடுகிறது. சாக்கு தோட்டத்தில் உண்டு. உழைப்பு லயத்தில் உண்டு. மண் காலடியில் உண்டு. கடைசியில் எஞ்சுவது ஒரே தடை. அந்த மண்ணை வெட்டிச் சாக்கில் அடைக்கும் உரிமை அதன் மேல் வாழ்பவருக்கு இல்லை. உறுதி கையில் இருந்தால் அவர்கள் மண்மூட்டையில் கட்டுவார்களோ கட்டைக் கல்லில் கட்டுவார்களோ, அது அவர்கள் விருப்பம். மண் வீடு என்றால் மீண்டும் ஏழ்மைக்கே திருப்புகிறீர்களா என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வியும் நியாயமே. விருப்பம் என்பது உரிமையாளருக்கு மட்டுமே உள்ள வசதி.

மலையக மக்களின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த அதே வழி. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் வீட்டுரிமையும் காணியுரிமையும் முக்கியமானவை. முன்னோர் மாத்தளையைக் கடந்து மலையேறியபோது அவர்களுக்கு ஒரு காம்பரா காத்திருந்தது. இம்முறை நடந்தவர்களுக்காகக் காத்திருக்கவேண்டியது ஒரு காணி உறுதி. சுவரை அவர்கள் எழுப்பிக்கொள்வார்கள்.